வாசகர் கேள்வி – பதில்: மலிவு டிஸ்க் பிறேக், மின் மலைச் சைக்கிளுக்குக் காணுமா?

கேள்வி: ஜேர்மனியில் இருக்கும் என் மைத்துனர், தாம் ஓட்டிய மின் மலைச் சைக்கிளை எனக்கு அனுப்பி வைத்திருக்கிறார். வண்டியின் எடை 24 கிலோ, என் எடை 82 கிலோ. அதில் பூட்டியிருப்பது ஷிமானோ எம்.ரி.200 ஹைட்ரோலிக் டிஸ்க் பிறேக்; முன் சில்லில் 180 மில்லிமீற்றர் டிஸ்க், பின் சில்லில் 160. கன்னியாவுக்கும் நிலாவெளிக்கும் அடிக்கடி ஓடுகிறேன். வருடத்தில் ஓரிரு தடவை நண்பர்களோடு சைக்கிள்களை வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு மாத்தளை மலைகளிலுள்ள ரிவர்ஸ்டன் பக்கம் போவதுண்டு. வண்டியைப் பார்த்த ஒருவர், "இது சாதாரண சைக்கிளுக்குப் போடும் மலிவுச் சாமான், மோட்டர் பூட்டிய வண்டிக்குக் காணாது, முழுவதையும் மாற்றுங்கள்" என்கிறார். மாற்றத்தான் வேண்டுமா?
– வாசகர், உப்புவெளி

பதில்: திருகோணமலைக்குள் ஓடுவதற்கு மாற்றத் தேவையில்லை. ரிவர்ஸ்டனுக்குப் போவதானால் ஒரு பகுதியை மாற்றுவது நல்லது. ஆனால் உங்களிடம் சொன்னவர் நினைப்பதுபோல் முழுவதையும் அல்ல.

எடையைப் பற்றிய பயத்தை முதலில் அளந்து பார்ப்போம். மோட்டர் இல்லாத மலைச் சைக்கிள் 14 கிலோ என்று வைத்துக்கொண்டால், உங்களையும் சேர்த்து 96 கிலோ. இந்த வண்டியில் 106 கிலோ. வித்தியாசம் பத்து வீதம்தான். உங்களைவிடப் பத்துக் கிலோ கூடிய ஒருவர் சாதாரண சைக்கிளில் இதே பிறேக்கோடு இறங்கினால் யாரும் அவரை மறித்து எச்சரிப்பதில்லை. வேகத்தின் கணக்கு வேறு. மணிக்கு 25 கிலோமீற்றரில் போகும் வண்டி 35க்கு ஏறினால், நிறுத்தும்போது பிறேக் விழுங்க வேண்டிய சக்தி ஏறத்தாழ இரண்டு மடங்காகிறது. பெரும்பாலான ஐரோப்பிய வண்டிகளில் மோட்டரின் உதவி 25 கிலோமீற்றரோடு நின்றுவிடும். அதற்கு மேலான வேகத்தைத் தருவது பெரும்பாலும் இறக்கமே. ஆகையால் கேட்க வேண்டியது, எவ்வளவு நேரம், எவ்வளவு சாய்வில் தொடர்ந்து இறங்கப் போகிறீர்கள் என்பதுதான்.

106 கிலோ 100 மீற்றர் உயரம் இறங்கும்போது வெளிப்படும் சக்தி, ஒரு லீற்றர் தண்ணீரை 30 பாகையிலிருந்து 55 பாகை வரை சூடாக்கப் போதும். காற்றும் ரயரும் ஒரு பங்கை எடுத்துக்கொண்டாலும், மெதுவாகப் பிடித்துப் பிடித்து இறங்குபவரின் வண்டியில் பெரும்பங்கு அந்த இரண்டு டிஸ்க்குகளிலேயே இறங்குகிறது. அவை இரண்டும் சேர்ந்து அரைக் கிலோகூட இல்லை. மோட்டார் சைக்கிள் ஓட்டுபவர்கள் மலையிறக்கத்தில் இரண்டாம் கியரில் போட்டு என்ஜினால் வண்டியை இழுத்துப் பிடிப்பார்கள். மிதி அச்சில் மோட்டர் உள்ள மின் சைக்கிளில் அந்த வசதி கிடையாது. மிதிப்பதை நிறுத்தினால் வண்டி தன்பாட்டில் உருளும், முழுச் சுமையும் பிறேக்கின் மேல்தான்.

எம்.ரி.200, பேட்டை (டிஸ்க்கை இருபுறமும் கவ்வும் கட்டை) அழுத்தும் இரண்டு பிஸ்டன் கொண்ட, மினரல் எண்ணெயில் இயங்கும் பிறேக். அதன் பலவீனம் லீவரிலோ குழாயிலோ இல்லை. அதனோடு வரும் டிஸ்க்கிலும் பேட்டிலும் இருக்கிறது. குனிந்து உங்கள் டிஸ்க்கைப் பாருங்கள். ரெசின் (பிசினால் இறுக்கிய) பேட் மட்டுமே போட வேண்டும் என்று ஆங்கிலத்தில் பொறித்திருந்தால், அதன் உருக்கு மென்மையானது என்று பொருள். அதில் உலோகப் பேட்டைப் போட்டால் டிஸ்க் விரைவில் அரைபட்டுப் போகும். ரெசின் பேட் சத்தமின்றி, முதற் பிடியிலேயே நன்றாகப் பிடிக்கும். நெடிய இறக்கத்தில் சூடேறிய பின்னரோ, லீவர் கையில் கெட்டியாக இருக்க, வண்டி மட்டும் நிற்க மனமில்லாமல் போகும். லீவர் தொளதொளத்து ஹான்டிலைத் தொடுமானால் அது வேறு நோய். குழாய்க்குள் காற்று புகுந்திருக்கலாம், எண்ணெய் கொதித்திருக்கலாம், எங்காவது கசிவும் இருக்கலாம்.

ஆகவே மலைக்குப் போகுமுன், முன் டிஸ்க்கை உலோகப் பேட்டைத் தாங்கும் 203 மில்லிமீற்றர் டிஸ்க்காக மாற்றுங்கள். முன் சில்லைத் தாங்கும் கவையான போர்க் அந்த அளவை அனுமதிக்கிறதா என்று பார்த்து, பிறேக்கைச் சற்றுத் தள்ளிப் பூட்ட உதவும் உரிய அடாப்டரையும் வாங்க வேண்டும். அதே கைவிசைக்கு நிறுத்தும் திறன் 13 வீதம் கூடும்; வெப்பத்தை வாங்கி ஆற்றிக்கொள்ள இரும்பும் கூடுதலாகக் கிடைக்கும். முன்னே கழற்றிய 180 டிஸ்க், பின் சில்லின் பூட்டு முறை ஒத்துவந்தால், மற்றொரு அடாப்டரோடு அங்கே போகட்டும். இவ்வளவு செய்தும் கை உளைந்தால் மட்டும் நான்கு பிஸ்டன் பிறேக்கைப் பற்றி யோசிக்கலாம். அதிலும் ஷிமானோ எம்.ரி.420, ஸ்ராம் டி.பி.8 போன்ற மலிவு வகைகள் உண்டு; மலிவு என்றாலே இரண்டு பிஸ்டன் என்று நினைத்துவிட வேண்டாம். நான் ஒதுக்கச் சொல்வது கம்பியால் இழுபடும் டிஸ்க் பிறேக்குகளைத்தான். அவற்றுள் பலவற்றில் ஒரு பக்கப் பேட்டே நகரும், தேயத் தேயக் கையால் திருகி இறுக்க வேண்டும். மலையில் பாதி வழியில் அந்த வேலை யாருக்கும் வேண்டாம்.

இப்போதைய நிலையை அறியக் கோணேசர் கோயில் இறக்கமே போதும். ஆள் நடமாட்டம் குறைந்த காலைப் பொழுதில், வழியிலுள்ள கோட்டையின் மான்கள் குறுக்கே பாயாத நேரமாகப் பார்த்து, வண்டியை நிறுத்தி லீவரை அழுத்திப் பத்து விநாடி பிடியுங்கள். அது மெல்ல மெல்ல உள்ளே இறங்கினால் பழுது பார்த்த பின்னரே ஓட வேண்டும். பேட்டின் தேயும் பகுதி அரை மில்லிமீற்றருக்கு வந்திருந்தாலும், 1.8 மில்லிமீற்றர் டிஸ்க் 1.5க்கு மெலிந்திருந்தாலும், எந்த விலைப் பிறேக்காயினும் மாற்றித்தான் ஆக வேண்டும்.

கேள்வி: கடற்கரையில் ஓடிய பின்னர் டிஸ்க் கிரீச்சிட்டது. தையல் மெஷின் எண்ணெய் இரண்டு சொட்டு விட்டேன். சத்தம் நின்றது, பிறேக்கும் நின்றது. என்ன செய்யலாம்?
– வாசகர், கிண்ணியா

பதில்: உங்கள் பிறேக் கேட்டதைச் செய்திருக்கிறது, எண்ணெய் விட்ட இடத்தில் உராய்வு இருக்காது. டிஸ்க்கை ஐசோபுரொப்பைல் அற்ககோல் நனைத்த சுத்தமான துணியால் இரண்டு பக்கமும் துடையுங்கள். பேட்டைத் துடைத்துப் பயனில்லை, அது எண்ணெயை உறிஞ்சியிருக்கும். புதிதாக ஒரு சோடி வாங்குங்கள். பூட்டிய பின்னர், சமதரையில் ஓரளவு வேகமெடுத்து, முற்றாக நிறுத்தாமல் நடைவேகத்துக்குக் குறைப்பதை இருபது முப்பது தடவை செய்தால் பேட் டிஸ்க்கோடு படிந்துகொள்ளும். இனிமேல் கிரீச்சிட்டால் உப்பும் மணலும் போக நல்ல தண்ணீரால் கழுவி உலரவிடுங்கள். சங்கிலிக்கு எண்ணெய் விடும்போது பின் டிஸ்க்கை ஒரு பழைய துணியால் மூடிக்கொள்ளுங்கள்.