வெள்ளச் சமவெளியின் எல்லையை வரைதல்: கேள்வி பதில்

கேள்வி (மனை வாங்க இருப்பவர்): நான் பார்த்துவைத்த மனை, வரைபடத்தில் 'நூறாண்டு வெள்ளம்' என்று குறித்த கோட்டுக்குள் வருகிறது. அங்கே பெருவெள்ளம் வந்து பத்து ஆண்டுகளே ஆகின்றன. இன்னும் தொண்ணூறு ஆண்டுகளுக்குக் கவலையில்லை என்று கொள்ளலாமா ஐயா?

பதில்: அப்படிக் கொள்ளவே கூடாது. நூறாண்டு வெள்ளம் என்பது, எந்த ஓர் ஆண்டிலும் வருவதற்கு 100-இல் 1 பங்கு வாய்ப்புள்ள வெள்ளம். சென்ற ஆண்டு வந்துவிட்டது என்பதற்காக இந்த ஆண்டு அந்த வாய்ப்பு குறைவதில்லை. கோட்டின் ஓரத்தில் உள்ள வீட்டில் 30 ஆண்டுகள் குடியிருப்பவர் அத்தகைய வெள்ளத்தை ஒரு முறையேனும் காணும் வாய்ப்பு ஏறத்தாழ 26 சதவீதம். கோட்டுக்கு உள்ளே தாழ்வாக அமைந்த மனைக்கு இது இன்னும் அதிகம்.

கேள்வி (மாணவர்): அந்தக் கோட்டை எப்படிக் கணக்கிடுகிறார்கள்?

பதில்: ஆற்றில் பல ஆண்டுகளாக அளந்த உச்ச ஓட்டங்களிலிருந்து, தேர்ந்தெடுத்த நிகழ்தகவுக்குரிய நீரின் அளவை முதலில் மதிப்பிடுவார்கள். பிறகு ஆற்றின் குறுக்குவெட்டுகள், பாலங்கள், சரிவு, புதரும் கட்டடமும் ஓட்டத்தைத் தடுக்கும் அளவு ஆகியவற்றைக் கணினி மாதிரியில் இட்டு, அந்த நீர் ஒவ்வோர் இடத்திலும் எந்த மட்டம் வரை உயரும் என்று காண்பார்கள். தடுப்பின் அளவைக் குறிக்க, 1889-இல் அயர்லாந்துப் பொறியாளர் ராபர்ட் மேனிங் முன்வைத்த சூத்திரத்தின் பெயரால் வழங்கும் கெழுவே இன்றும் பயன்படுகிறது. அந்த நீர்மட்டம் நிலமட்டத்தைச் சந்திக்கும் இடமே நீங்கள் காணும் கோடு.

கேள்வி (ஊர்க் குழு உறுப்பினர்): இலவசமாகக் கிடைக்கும் செயற்கைக்கோள் உயரத் தரவு போதாதா?

பதில்: பெரும்பரப்பின் போக்கை அறியப் போதும், ஒரு தெரு உள்ளேயா வெளியேயா என்று முடிவு செய்யப் போதாது. 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்ணோடத்திலிருந்து ரேடார் மூலம் எடுத்த உயரத் தரவு மிகப் பரவலாகப் பயன்படுவது. ஆனால் அதன் ஒவ்வொரு கட்டமும் ஏறத்தாழ 30 மீட்டர் அகலமுடையது. அடர்ந்த தோப்பிலும் நெருங்கிய குடியிருப்பிலும் அது காட்டும் உயரம் தரையின் உயரம் அன்று, மரமுகடும் கூரையும் கலந்த உயரம். சமவெளியில் இந்தப் பிழை சிறியதாகத் தோன்றினாலும் விளைவு பெரியது. 500 மீட்டருக்கு 1 மீட்டர் மட்டுமே சரியும் நிலத்தில், உயரத்தில் நேரும் 1 மீட்டர் பிழை கோட்டை 500 மீட்டர் நகர்த்திவிடும். அதற்குள் ஒரு பள்ளிக்கூடமும் நூறு வீடுகளும் இருக்கலாம். ஆகவே, விமானத்திலிருந்து லேசர் ஒளியைப் பாய்ச்சித் தரையின் உயரத்தை அளக்கும் லைடார் அளவீடு கிடைத்தால் அதையே பயன்படுத்துங்கள். கிடைக்காவிட்டால், முக்கியமான இடங்களையாவது மட்டக்கருவியால் அளந்து சரிபாருங்கள்.

கேள்வி (ஆசிரியை): மூத்தவர்களின் நினைவுகளுக்கு இதில் மதிப்பு உண்டா?

பதில்: நிச்சயமாக உண்டு. நல்ல மாதிரிகூட, நடந்த ஒரு வெள்ளத்தோடு ஒப்பிட்ட பிறகே நம்பத்தக்கது, அந்த ஒப்பீட்டுக்கான சான்று மக்களிடமே இருக்கிறது. 'இடுப்பளவு' என்ற விடையோடு நின்றுவிடாமல், எந்தச் சுவரில், எந்தப் படியில் என்று கேட்டு, அந்த இடத்தைக் காட்டச் சொல்லி அளவெடுங்கள். வெளிச்சுவரில் அலையும் வேகமும் குறியை உயர்த்திவிடும் என்பதால், நீர் அமைதியாக நின்ற உட்சுவரின் குறியே மேலானது. இரண்டு பேரிடம் தனித்தனியே கேளுங்கள். எந்த ஆண்டு என்பதோடு, நீர் ஆற்றிலிருந்து ஏறியதா, வடிகால் அடைத்துத் தேங்கியதா என்பதையும் மறவாமல் எழுதுங்கள்; இரண்டையும் கலந்துவிட்டால் ஆற்றின் எல்லை தவறாகிவிடும்.

கேள்வி (கரையோரக் குடியிருப்பாளர்): கரையணை கட்டிவிட்டார்கள். இனி எங்கள் பகுதியை வரைபடத்திலிருந்து நீக்கலாமா?

பதில்: நீக்க வேண்டாம், தனி நிறத்தில் காட்டுங்கள். கட்டிய உயரத்தை மீறும் வெள்ளம் வரலாம், கரை உடையவும் கூடும். அப்போது நீர் படிப்படியாக ஏறாமல் திடீரெனப் பாயும்.

கேள்வி (தன்னார்வலர்): ஊர் மக்களிடம் கொடுக்க ஒரே கோடு போதுமா?

பதில்: போதாது. கோட்டுக்கு ஓரடி வெளியே இருப்பவர் தமக்கு ஆபத்தே இல்லை என்று எண்ணிவிடுவார். அடிக்கடி வரும் வெள்ளம், அரிதாக வரும் வெள்ளம் என இரண்டு மூன்று எல்லைகளையும், ஆழத்தையும், நீரின் வேகத்தையும் காட்டுங்கள். வேகமாக ஓடும் நீர் 30 சென்டிமீட்டர் ஆழத்திலேயே சிறிய காரை இழுத்துச் செல்லக்கூடும் என்பதால், வெளியேறும் பாதைகளில் எது முதலில் மூழ்கும் என்பதை அவசியம் குறியுங்கள். ஒரு பெரிய வெள்ளம் வடிந்ததும், சுவர்களைக் கழுவி வெள்ளையடிப்பதற்கு முன்பே குறிகளை அளந்து, வரைபடத்தைத் திருத்திவிடுங்கள்.