கட்டில் கம்பியில் கை பட்டால் சுள்ளென்கிறதே?

கேள்வி: பக்கவாதம் வந்த அப்பாவுக்காக எலக்ட்ரிக் கட்டில் வாடகைக்கு எடுத்திருக்கிறோம். ரிமோட்டை அவரே அழுத்தித் தலைப்பக்கத்தை ஏற்றி இறக்குவார். நேற்று ரிமோட்டில் கஞ்சி கொட்டிவிட்டது. துடைக்கும்போது ஈரக் கை கட்டில் கம்பியில் பட்டு லேசாகச் சுள்ளென்றது. ரிமோட்டை மாற்றினால் போதுமா?

பதில்: போதாது. முதலில் சுவரில் சுவிட்சை அணைத்துவிட்டுக் கட்டிலின் பிளக்கைக் கழற்றுங்கள். ஆல்பா பெட் (படுக்கைப் புண் வராமலிருக்க பம்ப் வைத்துக் காற்றடிக்கும் மெத்தை) இருந்தால் அதன் பம்ப் பிளக்கையும்தான். காற்று இறங்கிவிடும் என்பதால் அப்பாவை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவையுங்கள்.

இந்தக் கட்டில்களின் மோட்டார்கள் பெரும்பாலும் 24 வோல்ட் டிசியில் ஓடுபவை. 230 வோல்ட், அடியில் இருக்கும் கன்ட்ரோல் பாக்ஸோடு நின்றுவிடும். ரிமோட்டுக்கு வருவது குறைந்த வோல்டேஜ்தான். கஞ்சி இறங்கிய ரிமோட் ஷாக் அடிப்பதைவிட, பட்டன் ஒட்டிக்கொண்டு கட்டில் தானாக ஏறுவதற்கே வாய்ப்பு அதிகம். அதற்காக அதை மாற்றத்தான் வேண்டும்.

ஆனால் கம்பியில் சுள்ளென்றது வேறு கதை. மூன்று பின் பிளக் உள்ள கட்டில் என்றால் எனக்கு முதல் சந்தேகம் எர்த் மேல்தான். ஒரு வீட்டில் போய்ப் பார்த்தேன்: கட்டிலுக்கு அடியில், யூரின் பை தொங்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே எக்ஸ்டென்ஷன் பாக்ஸ். பார்க்க மூன்று பின்தான். திறந்தால் உள்ளே வந்தது இரண்டே ஒயர், எர்த் ஓட்டை வெறும் அலங்காரம்! ஆகவே எக்ஸ்டென்ஷனோ இரண்டு பின் அடாப்டரோ வேண்டாம், நேராகச் சுவர் பாயின்ட்டில் செருகுங்கள். அந்த பாயின்ட்டில் எர்த் உண்மையிலேயே வருகிறதா என்று எலக்ட்ரீசியன் மீட்டர் வைத்துப் பார்க்கட்டும். டெஸ்டர் விளக்கு எரிவதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். சின்னக் கசிவுக்கும் எரியும், உயிர் போகிற பழுதுக்கும் எரியும்.

அப்புறம், மெயின் ஒயரை முழு நீளத்துக்கும் விரலால் தடவிப் பாருங்கள், பிளக் கழற்றிய நிலையில்தான். சக்கரம் ஏறி நசுங்கிய இடமும், கட்டில் இறங்கும்போது சட்டத்துக்கு நடுவில் மாட்டிக் கடிபட்ட இடமும் விரலுக்குத் தெரியும். அங்கே டேப் சுற்றி ஓட்டாதீர்கள். வாடகைக்குக் கொடுத்தவர்தான் ஒயரையே மாற்றித் தர வேண்டும். கன்ட்ரோல் பாக்ஸையும் அவர்கள் ஆளே சோதிக்கட்டும்.

வீட்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் தானாகவே இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்) இல்லையென்றால் இந்தச் சாக்கில் போட்டுவிடுங்கள். அதன் டெஸ்ட் பட்டனை அழுத்தினால் ட்ரிப் ஆகிறது, எனவே எர்த்தும் சரி என்று பலர் நினைக்கிறார்கள். அந்தப் பட்டன் ஆர்சிசிபியை மட்டும்தான் சோதிக்கும்.

புது ரிமோட் வந்ததும் பக்கக் கம்பியில் மாட்டிவையுங்கள், மடியில் வேண்டாம். சாப்பாட்டு நேரத்தில் லாக் போட்டுவிடலாம்.