ஒரே துணியைச் சுற்றி அமர்ந்து: கூட்டுப் பூத்தையல் பற்றிய கேள்வி பதில்

பெண்கள் ஒன்றாக அமர்ந்து பூத்தையல் செய்து, அதன் வழியே தங்கள் வீட்டு வாழ்க்கையைப் பதிவு செய்யும் முறையைப் பற்றிப் பலர் கேட்ட கேள்விகளுக்கு, மகளிர் குழுக்களோடு பல ஆண்டுகளாகத் தைத்து வருபவள் என்ற முறையில் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி (பள்ளி ஆசிரியை): பூத்தையல் என்றதும் தலையணை உறையும் கைக்குட்டையும்தான் நினைவுக்கு வருகின்றன. அதில் ஒரு பெண்ணின் குடும்ப வாழ்க்கையைச் சொல்ல முடியுமா அம்மா?

பதில்: முடியும் என்பதற்குப் பீகாரின் முசாபர்பூர் மாவட்டத்திலுள்ள பூசுரா என்ற கிராமத்துச் சுஜனியையே முதலில் காட்டுவேன். பழைய புடவைகளையும் வேட்டிகளையும் அடுக்கி, ஓட்டுத் தையலால் இணைத்து, பிறந்த குழந்தையைப் போர்த்துவதற்கு வீட்டுப் பெண்கள் தைத்த மெத்தென்ற துணிதான் சுஜனி. பல முறை துவைத்து நைந்த துணி பச்சைக் குழந்தையின் மேனியை உறுத்தாது என்பது நம் பாட்டிமார்களும் அறிந்ததே. 1988இல் விஜி சீனிவாசன் தொடங்கிய அதிதி என்ற தொண்டு நிறுவனம் அவ்வூர்ப் பெண்களோடு சேர்ந்து இக்கலைக்கு மறுவாழ்வு கொடுத்தபோது, சூரியனும் பறவையும் மீனும் இருந்த இடத்தில் வரதட்சணை, கணவனின் குடி, பெண் குழந்தைக்கு இழைக்கப்படும் கொடுமை ஆகியவை காட்சிகளாக வந்து அமர்ந்தன. உருவங்களின் விளிம்பைக் கருநிற நூலால் சங்கிலித் தையலிட்டு, பின்புலம் முழுவதையும் துணியின் நிறத்திலேயே நெருக்கமான ஓட்டுத் தையலால் நிரப்புவது இதன் முறை. 2006இல் இதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. இன்று பெரும்பாலும் புதிய துணியில் தைக்கிறார்கள். விற்பனைக்கு அது தேவை என்பதை ஏற்கிறேன், ஆனாலும் உடுத்திய புடவையின் நினைவு அதில் இல்லாமல் போவது எனக்கு வருத்தமே.

கேள்வி (ஆய்வு மாணவி): வீட்டு வாழ்க்கையைப் பற்றி அறிய நேர்காணல் போதாதா? துணியும் ஊசியும் எதற்கு?

பதில்: நேர்காணலில் கேட்பவர் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது, தைக்கும்போது கண்கள் துணியில் இருப்பதால், சொல்லத் தயங்கியவை இயல்பாக வெளிவருகின்றன. அதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. ஒரே துணியில் பலர் தைக்கும்போது, எதை எங்கே வைப்பது என்பதை அவர்கள் பேசித்தான் முடிவு செய்ய வேண்டும். ஒரு குழுவில் சமையலறைக் காட்சியைத் தைத்துக்கொண்டிருந்தோம். எல்லோருக்கும் பரிமாறிய பிறகு அந்த வீட்டுப் பெண் எங்கே உட்கார்ந்து சாப்பிடுகிறாள் என்று கோடு வரைந்த பெண் கேட்டார். ஒருவர் கூடம் என்றார், ஒருவர் பின்கட்டு என்றார், இளையவர் ஒருவர் தொலைக்காட்சிக்கு முன்னால் என்றார். அதுவரை வாய் திறக்காத அறுபது வயது அம்மா ஒருவர், தனக்கு அப்படி ஓர் இடம் இருந்ததே இல்லை என்றும், முப்பது ஆண்டுகளாக அம்மிக்குப் பக்கத்தில் நின்றபடியே சாப்பிட்டதாகவும் சொன்னார். அன்று அதற்குமேல் யாரும் தைக்கவில்லை. மறுவாரம் அம்மியின் அருகே ஒரு தட்டை மட்டும் தைத்தார்கள். அருகில் பெண்ணுருவம் வேண்டாம் என்று அந்த அம்மாவே சொல்லிவிட்டார். நான் தயாரித்து வைத்திருந்த கேள்விப் பட்டியலில் அந்தக் கேள்வி இல்லவே இல்லை.

கேள்வி: அடி உதை, குடி போன்றவற்றைத் தைத்தால் அந்தப் பெண்ணுக்கு வீட்டில் சிக்கல் வராதா?

பதில்: வரக்கூடும். ஆகவே ஒருவருடைய கதையை அப்படியே தைக்காமல், பலர் சொன்னவற்றைச் சேர்த்து ஒரே காட்சியாக்குகிறோம். யாருடைய வீடு என்று யாராவது கேட்டால், எல்லோருடைய வீடும்தான் என்று உண்மையாகவே சொல்ல முடியும்.

சிலி நாட்டுப் பெண்கள் இதைவிடப் பெரிய ஆபத்தில் தைத்தார்கள். 1973இல் இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றிய பிறகு, கணவரையும் பிள்ளைகளையும் பறிகொடுத்த தாய்மாரும் மனைவியரும் சாண்டியாகோ நகரில் திருச்சபையின் ஆதரவில் கூடி, சாக்குத் துணியின் மீது துண்டுத் துணிகளை ஒட்டித் தைத்து ‘அர்ப்பியேரா’ என்னும் படங்களை உருவாக்கினார்கள். காணாமல் போனவருடைய சட்டைத் துணியும் சில படங்களில் உண்டு. அவர்கள் தைத்தவை பெரும்பாலும் வீட்டுக் காட்சிகளே: தண்ணீர் வராத குழாய், வேலை இல்லாத வீடு, தெருவே சேர்ந்து சமைத்த பொதுச் சமையல் பானை. பாதுகாப்புக்காகப் பலர் தங்கள் பெயரைப் போடவில்லை. வீட்டைப் பற்றிய படம் அரசியலாகாது என்று நினைப்பவர்களுக்கு அந்தப் பானையைத்தான் காட்ட வேண்டும்.

கேள்வி (அருங்காட்சியக ஊழியர்): அப்படியானால் தைத்தவர்களின் பெயரைக் காட்சியில் போடலாமா, கூடாதா?

பதில்: அதைத் தைத்தவர்களே முடிவு செய்ய வேண்டும், பின்னாளில் மனம் மாறினால் மாற்றிக்கொள்ளவும் இடம் இருக்க வேண்டும். அமெரிக்க ஓவியர் ஜூடி சிகாகோ 1980 முதல் 1985 வரை மகப்பேற்றைப் பொருளாகக் கொண்டு நடத்திய ‘பர்த் ப்ராஜெக்ட்’ பணியில், அவர் வரைந்த படங்களை நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட பெண்கள் ஊசிவேலையால் முடித்தார்கள். அவர்கள் ஒவ்வொருவருக்கும் உரிய இடம் காட்சியில் தரப்பட்டது. இருந்தாலும் படம் ஒருவருடையது, உழைப்பு பலருடையது என்ற கேள்வி அங்கேயும் எழத்தான் செய்கிறது. படத்தையும் பெண்களே சேர்ந்து வரைவதுதான் சரியென்பது என் உறுதியான கருத்து.

கேள்வி (மகளிர் சுய உதவிக் குழு உறுப்பினர்): நாங்கள் எட்டுப் பேர் இருக்கிறோம் அக்கா. மூவருக்குத்தான் தையல் தெரியும். எங்கிருந்து தொடங்குவது?

பதில்: ஓட்டுத் தையல் ஒன்று போதும், அதை அரை மணி நேரத்தில் கற்றுவிடலாம். ஒவ்வொருவரும் தாம் உடுத்திக் கிழிந்த புடவை ஒன்றைக் கொண்டுவரச் சொல்லுங்கள். அது எப்போது வாங்கியது, யார் எடுத்துக் கொடுத்தது, எந்த நாளில் கட்டியது என்று பேசத் தொடங்கினாலே முதல் அமர்வு நிறைந்துவிடும். துணி எட்டுப் பேரும் சுற்றி உட்காரும் அகலத்தில் இருக்கட்டும். துணியை இறுக்கிப் பிடிக்கும் பூத்தையல் வளையத்தை மாட்டினால் ஒருவர் மட்டுமே தைக்க முடியும் என்பதால் அது வேண்டாம். கோணல் தையலைத் தேர்ந்தவர் பிரித்துத் திருத்தக் கூடாது என்று முதல் நாளே பேசி வையுங்கள், ஏனென்றால் திருத்தப்பட்டவர் மறுவாரம் வரமாட்டார். பேச்சைப் பதிவு செய்வதானால் எல்லோரும் சம்மதித்த பிறகே செய்யுங்கள். கூடும் நேரத்தைப் பிள்ளைகள் பள்ளியிலிருந்து திரும்புவதற்கு முன்பாக வையுங்கள். அந்த நேரத்தை யார் யாரால் ஒதுக்க முடியவில்லை, ஏன் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். எங்கள் குழுவில் அடுத்த துணியின் முதல் காட்சியே அந்தக் குறிப்பிலிருந்துதான் வந்தது.