ஸ்டீம் சந்தை காட்டும் மதிப்பு உங்கள் சேமிப்பு ஆகுமா?

கேள்வி: எனக்கு வயது 28. கோவையில் மென்பொருள் நிறுவனம் ஒன்றில் மாதம் 52,000 ரூபாய் சம்பளத்தில் பணிபுரிகிறேன். ஆறு ஆண்டுகளாகக் கவுன்டர்-ஸ்ட்ரைக் என்ற கணினித் துப்பாக்கிச் சண்டை விளையாட்டை விளையாடி வருகிறேன். அதில் ஆயுதங்களின் தோற்றத்தை மாற்றும் ஸ்கின்களுக்காக இதுவரை சுமார் 1,70,000 ரூபாய் செலவிட்டிருக்கிறேன். 2025 அக்டோபருக்கு முன் அவற்றின் மதிப்பு, கேம்கள் விற்கும் ஸ்டீம் தளத்தின் சந்தையில் 2,40,000 ரூபாய்க்கு மேல் இருந்தது. இப்போது 1,38,000 என்று காட்டுகிறது. உடன் விளையாடுபவர்களில் சிலர், விளையாட்டை உருவாக்கிய நிறுவனம் நம்மை ஏமாற்றிவிட்டது என்கிறார்கள். வேறு சிலர், வாங்குவதற்கு இதுதான் நேரம் என்கிறார்கள். மியூச்சுவல் ஃபண்டில் மாதம் 6,000 ரூபாய் கட்டும் எஸ்.ஐ.பி.யைச் சில மாதங்கள் நிறுத்திவிட்டு, விளையாட்டில் வரும், இப்போது விலை இறங்கிய கத்திகளை வாங்கலாமா? அவசரத் தேவைக்கென வங்கியில் 40,000 ரூபாய் இருக்கிறது. 16 வயதுத் தம்பியும் இப்போது கேஸ் திறக்க, அதாவது உள்ளே என்ன ஸ்கின் வரும் என்று தெரியாத பெட்டிகளைத் திறக்க, தொடங்கியிருக்கிறான்.

பதில்: எஸ்.ஐ.பி.யை நிறுத்த வேண்டாம். புதிதாக ஒரு கத்தியும் வாங்க வேண்டாம். உங்கள் நண்பர்களில் இரு தரப்பினர் சொல்வதிலும் ஓரளவு நியாயம் உண்டு. ஆனால் அவர்கள் பேசுவது கத்தியின் விலையைப் பற்றி. நீங்கள் கேட்டிருப்பது உங்கள் சேமிப்பைப் பற்றி. எனவே சற்று விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் அந்த 1,38,000 ரூபாயைப் பார்ப்போம். ஸ்டீம் சந்தையில் தெரிவது வாங்குபவர் கொடுக்கும் விலை. விற்பவர் பெறும் தொகையின் மேல் ஸ்டீமுக்கு 5 சதவீதமும் கவுன்டர்-ஸ்ட்ரைக் விளையாட்டுக்கு 10 சதவீதமும் கட்டணமாகச் சேர்ந்தே அந்த விலை அமைகிறது. ஆகவே அனைத்தையும் இன்று அதே விலைக்கு விற்க முடிந்தாலும் உங்களுக்குச் சேர்வது 1,20,000 ரூபாய்தான். அதுவும் வங்கிக் கணக்குக்கு வராது. ஸ்டீம் வாலட்டில் சேரும், அங்கிருந்து ரொக்கமாக எடுக்க வழியில்லை. ரொக்கம் தருவதாகச் சொல்லும் வெளித் தளங்கள் பல இருக்கின்றன. ஆனால் ஸ்டீமுக்கு வெளியே நடக்கும் கைமாற்றத்தை ஸ்டீமை நடத்தும், கவுன்டர்-ஸ்ட்ரைக்கையும் உருவாக்கிய வால்வ் நிறுவனம் அங்கீகரிப்பதில்லை என்பதால், அங்கே பொருள் போய்ப் பணம் வராவிட்டால் முறையிட்டாலும் அந்த நிறுவனம் பணத்தை மீட்டுத் தராது.

அடுத்தது அக்டோபர் மாற்றம். 2013-இல் ஸ்கின்கள் அறிமுகமான நாள் முதல், புதிய கத்தி ஒன்று சந்தைக்கு வர வேண்டுமென்றால் யாரோ ஒருவர் கேஸைத் திறந்து அந்த அரிய வாய்ப்பைப் பெற வேண்டியிருந்தது. கத்திகளின் விலையைத் தாங்கி நின்றது அந்த அரிதான தன்மைதான். 2025 அக்டோபர் 22 அன்று வந்த புதுப்பிப்பு, அரிய வகையான சிவப்பு நிறத் தரத்தில் உள்ள ஐந்து ஸ்கின்களைக் கொடுத்து ஒரு கத்தியையோ கையுறையையோ பெறலாம் என்று விதியை மாற்றியது. ஒரே நாளில் கத்திகளின் விலை சரிந்தது, சிவப்பு ஸ்கின்களின் விலை ஏறியது. சேகரித்து வைத்திருந்தவர்கள் கொதித்தார்கள். கத்தியை எட்டாக்கனியாகவே பார்த்துக்கொண்டிருந்த சாதாரண ஆட்டக்காரர்களில் பலர் மகிழ்ந்தார்கள். என் பார்வையில் அந்த மகிழ்ச்சியில் தவறில்லை. அது விளையாடுபவர்களுக்காக உருவான விளையாட்டு. உங்கள் முதலீட்டைக் காப்பது அந்த நிறுவனத்தின் கடமையாக ஒருபோதும் இருந்ததில்லை.

பங்குச் சந்தையில் ஒரு நிறுவனம் புதிய பங்குகளை வெளியிட வேண்டுமானால், இருக்கும் பங்குதாரர்களுக்கு அவற்றை வாங்கும் உரிமையைத் தர வேண்டும், அல்லது அவர்களின் ஒப்புதலைப் பெற வேண்டும். மேற்பார்வைக்குச் செபி இருக்கிறது. இங்கே பொருளை உருவாக்குபவரும், எத்தனை வெளிவரலாம் என்று முடிவு செய்பவரும், சந்தையை நடத்திக் கட்டணம் பெறுபவரும் ஒருவரே. ஒப்பந்தப்படி உங்களிடம் இருப்பது பயன்படுத்தும் உரிமம் மட்டுமே, உடைமை அன்று. இன்னும் ஐந்து கத்திகளை வாங்கினாலும் இந்த நிலை மாறாது என்பதால்தான், விலை இறங்கியிருப்பதை வாங்கும் வாய்ப்பாக என்னால் பார்க்க முடியவில்லை.

இது ஒரு நிறுவனத்தின் குறை மட்டுமன்று. டயாப்லோ 3 விளையாட்டில் உண்மைப் பணம் புழங்கிய ஏலச் சந்தை 2012-இல் தொடங்கியது. அரக்கர்களைக் கொன்று பொருள் சேர்க்கும் விளையாட்டின் சுவையையே அது கெடுக்கிறது என்று ஆட்டக்காரர்கள் தொடர்ந்து சொன்னார்கள், உருவாக்கியவர்களும் பிறகு அதை ஏற்றுக்கொண்டு 2014 மார்ச்சில் மூடினார்கள். நம் நாட்டில் 2020 செப்டம்பரில் பப்ஜி மொபைல் தடை செய்யப்பட்டபோது, பணம் கொடுத்து வாங்கிய உடைகளும் துப்பாக்கித் தோற்றங்களும் ஒரு ஆணையில் கைக்கு எட்டாமல் போயின. 2021 ஜூலையில் வேறு பெயரில் அது திரும்பி வரும்வரை அவற்றுக்கு மதிப்பு என்று எதுவும் இல்லை.

ஆகவே செலவான 1,70,000 ரூபாயை ஆறு ஆண்டுப் பொழுதுபோக்குக்கான செலவாக எழுதிவிடுங்கள். மாதத்திற்குச் சுமார் 2,400 ரூபாய் ஆகிறது. உங்கள் சம்பளத்திற்கு அது கூடுதல்தான், ஆனால் மீள முடியாத தவறன்று. விருப்பத்தோடு பயன்படுத்தும் கத்தியை வைத்துக்கொள்ளுங்கள். அதை விற்கச் சொல்ல எனக்கு மனமில்லை. பயன்படுத்தாதவற்றைச் சிறிது சிறிதாக ஸ்டீமிலேயே விற்று, எப்படியும் வாங்கவிருந்த கேம்களுக்கு அந்த வாலட் தொகையைப் பயன்படுத்துங்கள். அப்படி உங்கள் சம்பளத்தில் மிச்சமாகும் பணத்தை அவசரக் கையிருப்பில் சேர்க்க வேண்டும், ஏனெனில் 40,000 ரூபாய் உங்களுக்கு ஒரு மாதச் சம்பளத்திற்குக்கூடக் காணாது. குறைந்தது ஆறு மாதச் செலவுக்கான தொகை வங்கியில் சேரும்வரை ஸ்கின்களுக்கு ஒரு ரூபாயும் ஒதுக்காதீர்கள்.

உங்கள் தம்பியைப் பற்றித்தான் எனக்குக் கூடுதல் கவலை. சீனாவில் 2017-இல் வெளியிடப்பட்ட விகிதங்களின்படி, ஒரு கேஸில் கத்தியோ கையுறையோ கிடைக்கும் வாய்ப்பு 0.26 சதவீதம், அதாவது சுமார் 385-இல் ஒன்று. மிகச் சாதாரணமான நீல நிறத் தரத்தில் ஸ்கின் கிடைக்கும் வாய்ப்போ ஏறக்குறைய 80 சதவீதம். ஒரு கேஸைத் திறக்கப் பணம் கொடுத்து வாங்க வேண்டிய சாவியின் விலை 2.49 டாலர் என்று வைத்துக்கொண்டால், 385 சாவிகளுக்கு 950 டாலருக்கு மேல் ஆகிறது. அத்தனையையும் திறந்தால் கத்தி உறுதி என்று அவன் நினைக்கக்கூடும். ஆனால் 385 கேஸ்களைத் திறக்கும் 100 பேரில் ஏறக்குறைய 37 பேருக்கு ஒன்றுகூடக் கிடைக்காது. இந்தக் கணக்கை அவனுடன் அமர்ந்து தாளில் போட்டுக் காட்டுங்கள். ஸ்கின்களைப் பந்தயமாக வைக்கும் தளங்களுக்கு அவன் போவதாகத் தெரிந்தால் உடனே தடுத்துவிடுங்கள். வீட்டில் யாருடைய கார்டாவது, யு.பி.ஐ. கணக்காவது அவனுடைய ஸ்டீம் கணக்கில் இணைக்கப்பட்டிருந்தால், இன்றே நீக்கிவிடுங்கள்.