கேளுங்கள், சொல்கிறேன்: டோக்கியோ வாழ்க்கை

கேள்வி: மகனுக்கு டோக்கியோவில் ஐ.டி. வேலை கிடைத்திருக்கிறது. அவ்வளவு பெரிய ஊரில், அந்தக் கூட்டத்திலும் சத்தத்திலும் தனியாக எப்படிச் சமாளிப்பான் என்று பயமாக இருக்கிறது. (திருச்சியிலிருந்து ஒரு தாய்)

பதில்: அம்மா, சத்தத்தைப் பற்றிக் கவலையே வேண்டாம். ரயிலில் யாரும் போனில் பேச மாட்டார்கள், ஹாரன் கேட்பதே அபூர்வம். கூட்டம் உண்டு. நம்மவர்கள் நிறைய பேர் இருக்கும் நிஷிகசாயில் வீடு பார்த்தால் காலையில் டோசாய் ரயில் லைனில் ஏற வேண்டும், கொரோனாவுக்கு முன்பு அதில் நெரிசல் கொள்ளளவில் 200 சதவீதத்தைத் தொடப் பார்த்தது. ஆனால் அந்த நெரிசலிலும் வரிசை கலையாது.

கஷ்டமே வீடு பிடிப்பதில்தான். ஷிகிகின் என்பது நம் ஊர் அட்வான்ஸ் மாதிரி, கழித்ததுபோக மீதி வரும். ரெய்கின் என்று இன்னொன்று இருக்கிறது, வீட்டுக்காரருக்கு 'நன்றி' சொல்லிக் கொடுக்கிற பணம், அது போனது போனதுதான். தரகர் கூலி, உத்தரவாத நிறுவனத்துக்கு ஒரு தொகை என்று எல்லாம் சேர்ந்து நுழையும்போதே நாலைந்து மாத வாடகை காலியாகிவிடும், அதனால் கையில் பணம் கொடுத்தனுப்புங்கள். சில வீட்டுக்காரர்கள் வெளிநாட்டவர் என்றாலே கிடையாது என்பார்கள், மனசு கஷ்டப்படும், அடுத்த வீட்டைப் பார்க்க வேண்டியதுதான். அறையை ததாமிப் பாய்க் கணக்கில் சொல்வார்கள். ஆறு பாய் என்றால் சுமார் 100 சதுர அடி, அவ்வளவுதான். குடிபோன 14 நாளுக்குள் வார்டு ஆபீசில் முகவரியைப் பதிய வேண்டும்.

அப்புறம் குப்பை. சிரிக்காதீர்கள், டோக்கியோவில் நான் பட்ட பாடெல்லாம் இதில்தான். எரிவது ஒரு நாள், எரியாதது இன்னொரு நாள், பெட் பாட்டில் வேறொரு நாள், அதுவும் மூடியையும் லேபிளையும் கழற்றி, கழுவி, நசுக்கி. காலை எட்டு மணிக்குள் வைத்து, காக்கை கிளறாமல் மேலே வலையை இழுத்து மூட வேண்டும். போன புதிதில் ஓட்டை வாணலி ஒன்றை எரிகிற குப்பையோடு போட்டுவிட்டேன். சாயங்காலம் வந்து பார்த்தால் தெருவில் எல்லாப் பையும் போயிருக்க, என் பை மட்டும் ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டு தனியாக உட்கார்ந்திருக்கிறது! பக்கத்து வீட்டுப் பாட்டி பார்த்தார், குனிந்து வணக்கம் சொன்னார், போய்விட்டார். மறுநாள் என் தபால் பெட்டியில் குப்பை அட்டவணை ஒன்று கிடந்தது, எரியாத குப்பைக்கான நாட்களெல்லாம் சிவப்புப் பேனாவில் வட்டமிடப்பட்டு. இரண்டு திட்டு திட்டியிருந்தால்கூட இவ்வளவு உறைத்திருக்காது.

கேள்வி: சுத்த சைவம் அங்கே பிழைக்க முடியுமா? (மதுரை வாசகர்)

பதில்: வீட்டில் சமைத்தால் தாராளமாக. நிஷிகசாயில் பருப்பு, புளி, மசாலா எல்லாம் கிடைக்கும். வெளியே சாப்பிடும்போதுதான் சிக்கல். கண்ணுக்கு டோஃபுவும் கீரையும் மட்டும் தெரிகிற சூப்பில்கூட 'தாஷி' என்கிற சாறு இருக்கும், பெரும்பாலும் அது கத்சுவோபுஷி, அதாவது நம் மாசிக் கருவாட்டுக்கு ஒன்றுவிட்ட தம்பி. "இறைச்சி இல்லையே?" என்று கேட்டால் இல்லை என்றுதான் சொல்வார்கள், அவர்கள் கணக்கில் அது உண்மையும்கூட. அவசரத்துக்கு கொன்பினி என்கிற சின்ன சூப்பர்மார்க்கெட்டில், உமேபோஷி என்கிற ஊறுகாய்ப் பழம் வைத்த ஓனிகிரியை, அதாவது சோற்று உருண்டையை எடுக்கலாம், உப்பும் புளிப்புமாக ஊறுகாய்ச் சோறு மாதிரி இருக்கும். ரொம்பக் கண்டிப்பானவர் என்றால் அதிலும் பொருட்பட்டியலைப் பார்த்துவிட்டு எடுங்கள்.

கேள்வி: மொழி தெரியாமல் போகலாமா? (கோவை வாசகி)

பதில்: போகலாம். ஆனால் போவதற்குள் கொஞ்சம் படித்துவிடுங்கள், தமிழ் தெரிந்தவருக்கு வாக்கிய அமைப்பு சுலபம். 'வதாஷி வா மிசு ஓ நோமிமாசு' என்பது 'நான் தண்ணீர் குடிக்கிறேன்' என்று அதே வரிசையில்தான் வருகிறது, வினை கடைசியில். படிப்பதுதான் மலை. அன்றாடப் பயன்பாட்டுக்கென்று அரசு பட்டியலிட்ட கான்ஜி, அதாவது சீனாவிலிருந்து வந்த சித்திர எழுத்துகளே 2,136. குப்பைப் பையில் இருந்த அந்த ஸ்டிக்கரைக்கூட நான் போனில் படம் பிடித்து மொழிபெயர்த்துத்தான் படித்தேன்.