மலை சேர்த்து வைத்த மனிதர்கள்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: என் மகன் திருச்சபைப் பணிக்காக ஜப்பானுக்குச் சென்று சில ஆண்டுகள் தங்கவிருக்கிறான். மலையேற்றத்தில் அவனுக்குப் பெரும் ஈடுபாடு உண்டு. ஊரும் மொழியும் புதியவையாக இருக்கும் இடத்தில் இந்த ஈடுபாடு அவனுக்கு மனிதர்களைச் சம்பாதித்துத் தருமா, அல்லது போன வேலையிலிருந்து கவனத்தைத் திருப்பிவிடுமா? வழிகாட்டிக்குக் கூலி கொடுத்து மலையேறுவதில் நட்புக்கு இடம் உண்டா?
– வாசகி, பாளையங்கோட்டை

பதில்: அம்மா, தங்கள் மகன் போகும் அதே நாட்டில், அதே வகைப் பணியில், அதே ஈடுபாட்டோடு வாழ்ந்த ஒருவரைப் பற்றிச் சொல்வதே தங்களுக்குச் சரியான விடையாக இருக்கும் என்று நம்புகிறேன். வால்ட்டர் வெஸ்டன் என்னும் ஆங்கிலேயப் பாதிரியார் 1888இல் மதப்பணிக்காக ஜப்பான் சென்றார். முதலில் குமமோட்டோவிலும் பின்னர் கோபே நகரிலும் பணியாற்றிய அவர், அதற்கு முன்பே ஐரோப்பாவின் ஆல்ப்ஸ் மலைகளில் ஏறிப் பழகியவர். ஓய்வு கிடைத்த கோடைக்காலங்களில் அவர் நடு ஜப்பானின் உயர்ந்த மலைத்தொடரை நோக்கிப் புறப்பட்டுவிடுவார்.

அந்த மலைகளுக்கு அவர் முதல் மனிதராகப் போகவில்லை என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். 3,180 மீட்டர் உயரமுள்ள யாரிகதாகே சிகரத்தில் 1828ஆம் ஆண்டிலேயே பான்ரியூ என்னும் பௌத்தத் துறவி ஏறி, வழிபாட்டுக்காக அதன் பாதையைத் திறந்திருந்தார். வேட்டைக்காரர்களுக்கோ ஒவ்வொரு பள்ளத்தாக்கும் பிழைப்புக்குரிய நிலமாக இருந்தது. ஆகவே வெஸ்டனிடம் கயிறும் பனிக்கோடரியும் ஐரோப்பியப் பயிற்சியும் இருந்தாலும், வழியும் வானிலைக் குறிப்பும் ஆற்றைக் கடக்கும் இடமும் ஊராரிடமே இருந்தன. மறைமாவட்டத்தில் போதகராக இருந்தவர் மலையடிவாரத்தில் மாணவராக நிற்க வேண்டியிருந்தது. இந்த இடமாற்றத்தில்தான் அந்த நட்புகளின் வேர் இருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம்.

காமிகோச்சிப் பள்ளத்தாக்கில் வாழ்ந்த காமிஜோ கமோன்ஜி அவருடைய வழிகாட்டிகளில் முதன்மையானவர். குளிர்காலத்தில் கரடியும் மலையாடும் வேட்டையாடி, கோடையில் அசுசா ஆற்றில் மீன் பிடித்து வாழ்ந்த அவர், 1893இல் வெஸ்டனை மாயே ஹொதகா மலைக்கு அழைத்துச் சென்றார். ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கழித்து, தம் மனைவியோடு மீண்டும் ஜப்பானில் தங்கியிருந்த வெஸ்டன், முதுமையை நெருங்கிவிட்ட அதே கமோன்ஜியைத்தான் தேடிச் சென்றார். மீண்டும் இருவரும் யாரிகதாகேயிலும் ஹொதகா மலைகளிலும் சேர்ந்து ஏறினார்கள். வெஸ்டன் அவருக்கு அன்பளிப்பாகக் கொடுத்த பனிக்கோடரி, கமோன்ஜியின் பெயரால் இன்றும் நடைபெறும் மலைக்குடிலில் காட்சிக்கு இருக்கிறது. கூலி கைமாறியது உண்மைதான். ஆனால் கூலிக்கு வழிகாட்ட வேறு ஆட்களும் கிடைத்திருப்பார்கள். அத்தனை ஆண்டுகளுக்குப் பின்னும் ஒருவரையே நாடிச் செல்வதற்கும், மலையேறுபவர் தம் கையோடு வைத்திருக்கும் கருவியையே கொடுத்துவிடுவதற்கும் கூலிக்கு அப்பாற்பட்ட காரணம் இருந்தாக வேண்டும்.

எல்லா ஊரிலும் அவருக்கு வரவேற்பு கிடைத்துவிடவில்லை. காசகதாகே மலைக்கு அவர் முதலில் முயன்றபோது, அந்நியர் ஏறினால் மலைத் தெய்வங்கள் சினந்து புயலையும் பெருமழையையும் ஏவிவிடும் என்று அஞ்சிய அடிவாரத்து மக்கள் துணைவர மறுத்தார்கள். மறு ஆண்டும் அதே மறுப்புதான் கிடைத்தது. அவர் திரும்பிப் போய், மீண்டும் வந்து, 1894இல் அப்பகுதி வேட்டைக்காரர்களின் துணையோடுதான் உச்சியை அடைந்தார். அந்த அச்சத்தை மூடநம்பிக்கையாகவே அவர் கருதினார் என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் ஊராரின் துணையின்றி ஏற முடியாது என்பதை அவர் ஏற்றுக்கொண்டதே எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

ஆகவே தங்கள் மகன் தயங்க வேண்டாம். இன்று ஜப்பானில் ஆகஸ்ட் 11 மலை நாளாகத் தேசிய விடுமுறை. பாதையில் எதிர்ப்படும் முன்பின் அறியாதவர்கள்கூட ஒருவருக்கொருவர் வணக்கம் சொல்லிக்கொள்வது அங்கே வழக்கம். நகானோ மாகாணத்தில் குறிப்பிட்ட பாதைகளில் ஏறுவதற்கு முன் பயணத் திட்டத்தை எழுத்தில் கொடுப்பது கட்டாயம். அதை உள்ளூர்க்காரர் ஒருவரோடு உட்கார்ந்து எழுதச் சொல்லுங்கள். எந்த ஓடை எந்த மாதத்தில் பெருகும், எந்தக் குடிலில் எப்போது இடம் கிடைக்கும் என்று கேட்கத் தொடங்கினாலே உரையாடல் வளர்ந்துவிடும். ஞாயிற்றுக்கிழமைகள் ஆலயத்துக்கு உரியவை என்பதால், மலைக்குரிய நாட்களை முன்கூட்டியே சபையாரிடம் சொல்லி வைப்பது நல்லது.

கேள்வி: ஜப்பானின் மலையேற்றச் சங்கத்தைத் தொடங்கியவர் ஓர் ஆங்கிலேயப் பாதிரியார் என்று படித்தேன். இது சரியா?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: பாதி சரி. அந்தப் பாதிரியார் மேலே குறிப்பிட்ட வெஸ்டன்தான். ஆனால் சங்கத்தைத் தொடங்கியவர்கள் ஜப்பானியர்கள். வங்கி ஊழியரான கோஜிமா உசுயும் அவருடைய நண்பர் ஒகானோ கின்ஜிரோவும் 1902இல் யாரிகதாகேயில் ஏறித் திரும்பியிருந்தார்கள். அதன் பிறகு, வெஸ்டன் 1896இல் வெளியிட்ட மலையேற்ற நூல் ஒகானோவின் கண்ணில் பட, தங்களுக்குப் பல ஆண்டுகள் முன்பே ஒரு வெளிநாட்டவர் அதே சிகரத்தில் ஏறியிருப்பதை இருவரும் அறிந்து வியந்தார்கள். அவர் அப்போது தங்கள் ஊரான யோகோஹாமாவிலேயே வசிக்கிறார் என்று தெரிந்ததும் ஒகானோ நேரில் போய்ச் சந்தித்தார். லண்டனில் 1857 முதல் இயங்கிவந்த மலையேற்றச் சங்கத்தைப் பற்றி வெஸ்டன் அவர்களுக்கு எடுத்துச் சொல்லி, ஜப்பானுக்கும் அப்படி ஒன்று வேண்டும் என்று ஊக்கினார். 1905 அக்டோபரில் ஜப்பானிய மலையேற்றச் சங்கம் பிறந்தது.

வெஸ்டனை அந்நாட்டினர் மறக்கவில்லை. காமிகோச்சியில் பாறையில் பதித்த அவருடைய உருவப் பலகை இருக்கிறது. ஆண்டுதோறும் ஜூன் தொடக்கத்தில் அவர் பெயரால் விழாவும் நடக்கிறது. இருப்பினும் முழுப் பெருமையையும் அவருக்கே கொடுப்பது நியாயமாகாது. நாட்டின் நிலக்காட்சிகளைப் போற்றி ஷிகா ஷிகெதாகா 1894இல் எழுதிய நூல், இளைஞர்களை ஏற்கெனவே மலைகளின் பக்கம் திருப்பியிருந்தது. கோஜிமாவும் அந்நூலால் ஈர்க்கப்பட்டவரே. ஏறும் ஆசையை வெஸ்டன் அவர்களுக்கு ஊட்டவில்லை. ஆசையோடு கதவைத் தட்டியவர்களுக்கு, ஒரு சங்கத்தை எப்படி அமைப்பது என்று தாம் அறிந்ததை மனமுவந்து சொல்லிக்கொடுத்தார்.