எரிபொருளில் நனைந்த சட்டையோடு வேலையை முடிக்க வேண்டுமா?

கேள்வி: விமானங்களுக்கு எரிபொருள் நிரப்பும் ஒப்பந்தத் தொழிலாளி நான். சென்ற மாதம் குழாய் இணைப்பு கசிந்து, சட்டைக் கை முழுவதும் ஜெட் ஏ-1 என்ற விமான எரிபொருளில் நனைந்துவிட்டது. உடனே உடை மாற்றப் போனதற்கு, அனுமதியின்றிப் பணியிடத்தை விட்டு அகன்றதாக மெமோ கொடுத்திருக்கிறார்கள். முன்கையில் தோல் கொப்பளித்து உரிகிறது. ‘வெறும் மண்ணெண்ணெய்தானே’ என்கிறார் மேற்பார்வையாளர். நான் என்ன செய்யலாம்?

பதில்: ஜெட் ஏ-1 மண்ணெண்ணெய் வகைதான், ‘வெறும்’ என்ற சொல்தான் தவறு. அது தோலின் எண்ணெய்ப்பசையை நீக்கி அழற்சி உண்டாக்கும். ஊறிய துணி உடம்போடு ஒட்டிக் கிடந்தால் கொப்புளமே எழும். அதன் ஆவி தீப்பற்றும் வெப்பநிலை குறைந்தது 38 டிகிரி செல்சியஸ் என்பதைக் காட்டி ஆபத்தில்லை என்று வாதிடுவார்கள். ஆனால் துணியில் ஊறிய எரிபொருள் விளக்குத்திரியைப் போல எளிதில் பற்றிக்கொள்ளும். கழற்றும்போது நிலைமின் பொறி எழக்கூடும் என்பதால், அத்தகைய உடையைத் தண்ணீரில் நன்றாக நனைத்த பிறகே கழற்றச் சொல்கிறார்கள். ஆகவே நீங்கள் செய்தது கடமை தவறுதல் அல்ல.

சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1990ஆம் ஆண்டு வேதிப்பொருள் உடன்படிக்கை (எண் 170), உடனடியான, கடுமையான ஆபத்து இருப்பதாக நம்ப நியாயமான காரணமுள்ள தொழிலாளி அங்கிருந்து விலகிக்கொள்ளலாம் என்றும், அதற்காக அவருக்குத் தகாத விளைவு நேரக் கூடாது என்றும் 18ஆம் பிரிவில் கூறுகிறது. அதே பிரிவு, மேற்பார்வையாளருக்கு உடனே தெரிவிக்க வேண்டும் என்றும் சொல்கிறது. எதிர்த்தரப்பு பிடித்துக்கொள்ளப் போவது இதைத்தான். வாய்மொழியாகச் சொல்லியிருந்தால், எத்தனை மணிக்கு, யார் முன்னிலையில் சொன்னீர்கள் என்பதை மெமோவுக்கான பதிலில் எழுதுங்கள். சொல்லவில்லையென்றால் சொன்னதாக எழுத வேண்டாம், அந்த ஒரு பொய் வழக்கையே கெடுத்துவிடும். உங்கள் நாடு இந்த உடன்படிக்கையை ஏற்றிருக்கிறதா, உள்நாட்டுச் சட்டத்தில் இதற்கு இணையான பிரிவு எது என்பதைப் பார்த்து, அந்தப் பிரிவைப் பதிலில் குறிப்பிடுவது நல்லது.

எரிபொருளின் பாதுகாப்புத் தரவுத் தாளை எழுத்து மூலம் கேளுங்கள். அதன் 4, 8, 11ஆம் பகுதிகள் முதலுதவி, பாதுகாப்பு உபகரணங்கள், உடல்நலக் கேடு பற்றியவை. சிறு விமானங்களுக்கான 100எல்எல் பெட்ரோலையும் கையாள்கிறீர்கள் என்றால், அதில் ஈயச் சேர்மம் இருப்பதால், இரத்தத்தில் ஈய அளவையும் பரிசோதிக்கச் சொல்லுங்கள். இழப்பீட்டுக்கு மருத்துவச் சான்றுதான் உயிர்நாடி: ‘தோல் அழற்சி’ என்று மட்டும் இல்லாமல், எரிபொருள் பட்டதையும் பட்ட தேதியையும் மருத்துவர் அதில் பதிவு செய்திருக்க வேண்டும். கொப்புளம் ஆறுவதற்குள், இன்றே, கையைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.